வேர்டிலில் யார் கை ஓங்கும்?

சொல் விளையாட்டில் கெட்டிக்காரர்கள் ஆண்களா, பெண்களா? பலகையில் எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிளில் ஆண்கள் பக்கமே தராசு சாய்கிறது. 1991-இல் தொடங்கிய ஆங்கில உலகப் போட்டியில் தனிநபர் பட்டம் வென்றவர்கள் எல்லாருமே ஆண்கள். அதனால் ஆண் மூளைக்குத்தான் சொல் வசப்படும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வருடக்கணக்கில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம் கிடைக்கிறது? 1987-இல் அமெரிக்க தேசிய ஸ்க்ராபிள் பட்டத்தை வென்றவர் ரீட்டா நோர் என்ற பெண்தான்.

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் ஆன்லைன் வேர்டிலில் ஆறே வாய்ப்பு. அதன் விடைச்சொற்களைச் சலித்தெடுத்துக் கொடுத்தவரே ஒரு பெண், வேர்டிலை உருவாக்கிய ஜோஷ் வார்டிலின் துணைவி பலக் ஷா. இதில் என் ஓட்டு பெண்களுக்கே. எங்கள் வீட்டில் அண்ணன் தோன்றியதைத் தட்டிவிடுவான். அண்ணி அப்படியில்லை, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே, எந்த உயிரெழுத்து இருக்கிறது என்று முதலில் பார்ப்பார். பெரும்பாலும் நாலாவது வரியிலேயே ஐந்து கட்டமும் பச்சையாகி, சொல் சிக்கிவிடும்.