கடிகாரம் இல்லாத கம்ப்யூட்டர்: மலாவி பள்ளியில் ஒரு குட்டி சர்வரோடு குப்பை கொட்டிய கதை

அடுத்த மாதம் ஜாம்பியா கிளம்பும் தம்பி ஒருவன் வாட்ஸப்பில் கேட்டான்: "அண்ணா, கிராமத்து ஸ்கூல்ல ஆஃப்லைன் சர்வர் வைக்கணும். நீங்க மலாவில வச்சிருந்த அந்தக் குட்டி போர்டையே வாங்கிடவா?" ஒரு வரியில் பதில் போடலாம் என்று ஆரம்பித்தால் பழைய கோபமெல்லாம் கிளம்பிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயரை இழுக்கவில்லை. கிரெடிட் கார்டு சைஸ் போர்டு, அதுவே ஒரு முழுக் கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம், யூஎஸ்பி சி பவர், எஸ்டி கார்டில் பூட். நான் தன்னார்வலராகப் போன அமைப்பே வாங்கிக் கொடுத்தது. கோலிப்ரி (இன்டர்நெட் இல்லாமல் பாடம் நடத்தும் மென்பொருள்), கிவிக்ஸ் (இன்டர்நெட் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க) இரண்டும் போட்டு, வைஃபை ஹாட்ஸ்பாட்டாக மாற்றி, பள்ளிக்கூடத்தில் வைத்தோம். இந்த வகையறா புழங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் ஸ்பெசிபிகேஷன் தேவையில்லை.

இடம்தான் முக்கியம். மலாவியின் தெற்கே சிக்வாவா மாவட்டம். பிளான்டயர் நகரத்திலிருந்து மலைச்சரிவில் இறங்கினால் ஷயர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அக்டோபர், நவம்பரில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கபிச்சிரா நீர்மின் நிலையம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட 130 மெகாவாட், நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2022 ஜனவரியில் அனா புயல் வந்து அந்த அணையின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதற்கு முன்பும் கரண்ட் போகும், வரும். அதற்குப் பிறகு எப்போதாவது வரும். நிலையத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்ட 2023 ஆகிவிட்டது.

இந்த நிலையில் போர்டு என்ன செய்தது? நியாயமாகப் பேசுவோம், அது உழைத்தது. ஐந்தாறு வாட்டில் ஒரு வகுப்பறைக்கே பாடம் காட்டும் வேறு பொருளை நான் பார்த்ததில்லை. படங்களோடு ஆங்கில விக்கிப்பீடியா மட்டுமே அப்போது சுமார் 90 ஜிபி. அதோடு கான் அகாடமி கணக்கு வீடியோக்கள், அறிவியல் பாடங்கள். எல்லாம் ஒரு சோப்புப் பெட்டி அளவுக்குள். வெயிலில் சூடேறி வேகம் குறையும், ஆனால் நிற்காது. எஸ்டி கார்டு செத்தது, போர்டு சாகவில்லை. கார்டை ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும், எழுத முடியாதபடி) மாற்றி, எழுதுகிற டேட்டாவை எஸ்எஸ்டியில் தள்ளியதும் அந்தத் தொல்லையும் தீர்ந்தது. இதையெல்லாம் நெட்டில் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் அறிவியல் சோதனைகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. அதில் மின்சுற்று செய்யும் சிமுலேஷன் ஒன்று இருக்கிறது. பேட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் திரையில் இழுத்து இழுத்து மாட்டலாம். பள்ளியின் லேபில் இருந்த ஒரே அம்மீட்டரில் முள்ளே கிடையாது. மூன்றாம் ஃபார்ம் (செகண்டரி ஸ்கூலில் மூன்றாம் வருஷம்) பிள்ளைகள் ஒரு டேப்லட்டைச் சுற்றி நான்கைந்து பேராக உட்கார்ந்து பல்பை எரிய விட்டார்கள். வேண்டுமென்றே ஷார்ட் செய்து பேட்டரியில் தீப்பிடிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சீரியஸாகக் கேட்டாள்: "சார், இந்த பல்புக்குக் கரண்ட் கட்டே கிடையாதா?"

இனி கோபத்துக்கு வருகிறேன்.

இந்த போர்டில் கடிகாரம் கிடையாது. உங்கள் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பைத் திறந்தால் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு செல் இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்திலும் மணியை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். விலையைக் குறைக்க இந்த வகை போர்டுகளில் பலவற்றில் அதை வைப்பதில்லை. இன்டர்நெட் இருக்கிற ஊரில் யாருக்கும் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஆன் ஆனதும் நெட்டிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். இன்டர்நெட் இல்லாத இடத்துக்கென்றே விற்கப்படும், தானமாகக் கொடுக்கப்படும் ஒரு பெட்டிக்கு நேரம் தெரிய இன்டர்நெட் வேண்டும் என்றால் எரிச்சல் வருமா வராதா?

நேரம் தெரியாவிட்டால் அது என்ன செய்யும் என்பதுதான் வேடிக்கை. கடைசியாக எழுதிவைத்த மணியை எடுத்து, அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கும். கரண்ட் போயிருந்த எட்டு மணி நேரம் அதன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. புயலுக்குப் பிறகு சோலார் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் வைத்தோம். ஆசிரியர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோருடைய போனும் அதில்தான் சார்ஜ் ஆகும். வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? இரவு பேட்டரி இறங்கியதும், அது அடியோடு காலியாகாமல் காக்கும் சார்ஜ் கண்ட்ரோலர் போர்டுக்குப் போகும் கரண்டைத் துண்டித்துவிடும். காலையில் வெயில் ஏறினால் போர்டு எழுந்திருக்கும், முந்தின இரவில் விட்ட இடத்திலேயே. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் பின்தங்கினால் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள். நாங்கள் மார்ச்சில் இருப்போம், அது பிப்ரவரியில் பாடம் நடத்தும்.

"இதனால் என்ன, வீடியோதான் ஓடுகிறதே" என்று அமைப்பின் அலுவலகத்தில் கேட்டார்கள். ஓடுகிறது. ஆனால் கோலிப்ரியில் ஆசிரியர் தேர்வு வைக்கலாம், யார் எப்போது எழுதினார்கள் என்று அது பதிவு செய்யும். கணக்கு ஆசிரியருக்கு அந்தப் பட்டியல் ரொம்பப் பிடித்துவிட்டது. அறுபது பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற வேலை மிச்சம் அல்லவா. ஒருநாள் காலை பத்து மணி தாண்டி ஒரு தேர்வைத் திறந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் யாரோ ஒயரைத் தட்டிவிட, போர்டு ஆஃப் ஆகி ஆன் ஆனது. அது மணியை எழுதிவைப்பது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. கடைசியாக எழுதியிருந்தது 9.17. அங்கிருந்து தொடங்கிவிட்டது. பட்டியலைப் பார்த்தால், பத்து மணிக்கு மேல் திறந்த தேர்வை ஒரு பெண் ஒன்பதே முக்காலுக்கே முடித்திருக்கிறாள். அதுவும் நல்ல மார்க்கோடு.

ஆசிரியருக்கு சந்தேகம் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் சொல்கிறது, பிள்ளை மறுக்கிறது என்றால் எந்த ஊரிலும் கம்ப்யூட்டர் பக்கம்தான் சாய்வார்கள். அவள் கண் கலங்கி நின்றதும், நான் ஸ்டாஃப் ரூம் சுவர்க்கடிகாரத்தையும் போர்டின் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி விளக்கியதும், தலைமையாசிரியர் "அப்போ இந்த மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுக்கு மார்க் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு பட்டியல் மேல் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கணக்கு ஆசிரியர் மறுபடி நோட்டுக்கே போய்விட்டார்.

சமாளித்தது எப்படி என்றால், தினமும் காலையில் போனிலிருந்து போர்டுக்குள் நுழைந்து டெர்மினலில் கையால் மணியை செட் செய்தேன். நான் ஊரில் இல்லாத நாட்களுக்கு ஒரு பையனைப் பழக்கினேன். கையில் வாட்ச் கட்டுகிற பையன், அதுதான் தகுதி. பகல் ஒரு மணியை 01 என்று அடித்து வைத்துவிடுவான், போர்டு நள்ளிரவுக்குப் போய்விடும். 24 மணி நேரக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி மேலே ஒட்டினோம். பிறகு அவன் தப்பே செய்ததில்லை. பிளான்டயருக்கு எடுத்துப் போய் போன் ஹாட்ஸ்பாட்டில் அப்டேட் போட்டாலும் இதே கதைதான். தேதி பின்னால் இருப்பதால், தளம் அசல்தானா என்று சரிபார்க்கும் இடத்தில் "இந்த சர்டிபிகேட் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் நிற்கும். சிக்னல் மெதுவாக இருக்கும் நாளில், நேரம் சரியாகும்வரை டேட்டா பேலன்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான்.

தீர்வு என்னவென்று அறிந்தவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். டிஎஸ்3231. விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கடிகார மாட்யூல், நம் ஊரில் சில நூறு ரூபாய். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுப்பார்கள். பிளான்டயரில் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் ஜோஹன்னஸ்பர்க் போய் வந்த ஒருவர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். மாட்டப் பத்து நிமிடம், கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி. அத்தோடு தொல்லை முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: மலிவு மாட்யூல்களில் செல்லை சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கும். அது ரீசார்ஜ் செல்லுக்கானது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிஆர்2032 செல்லைப் போட்டால் அந்த சார்ஜிங் ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செல் உப்பிவிடும்.

முடிந்ததே, பிறகென்ன கோபம் என்று கேட்டால், இத்தனை சுலபமாக முடிந்ததுதான் கோபம். ஒரு செல்லும் ஒரு சிப்பும். இதை முதலிலேயே வைத்திருந்தால் அந்தப் பெண் அழுதிருக்க வேண்டாம். இப்போது வரும் சில புது போர்டுகளில் கடிகாரத்தைச் சேர்த்துவிட்டார்கள், அப்பாடா என்று பார்த்தால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டுமாம். பெட்டியில் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

ஆக, தம்பிக்குப் பதில். மின்சாரச் சிக்கனத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. உழைப்பில் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பிள்ளைகளுக்கு அது கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். இருந்தாலும் வாங்காதே. நல்ல பேட்டரி உள்ள பழைய ஆபீஸ் லேப்டாப் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கு. நாலைந்து மடங்கு வாட் இழுக்கும், பேனல் பெரிதாக வேண்டும், எடையும் கூட. ஆனால் உள்ளேயே கடிகாரம் இருக்கிறது, உள்ளேயே யூபிஎஸ் இருக்கிறது. கரண்ட் போய் பேட்டரியும் இறங்கினால் தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். 2024 வறட்சியில் கரிபா அணை வற்றி ஜாம்பியாவில் நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள் என்பது உனக்கும் தெரியும். கரண்ட் இருக்கும் என்று நம்பிச் செய்த எதையும் அங்கே எடுத்துப் போகாதே. பிளக் பாயிண்ட் பிரிட்டிஷ் சதுர மூன்று பின், அடாப்டர் இரண்டாக வாங்கிக்கொள்.

வாட்ச் கட்டிய அந்தப் பையன் போன வாரம்கூட மெசேஜ் போட்டிருந்தான். போர்டு நன்றாக ஓடுகிறதாம், மணியும் சரியாக இருக்கிறதாம். ஓடட்டும், சந்தோஷம். நீ லேப்டாப்பே எடுத்துக்கொண்டு போ.