அந்தப் பக்கம் கை, இந்தப் பக்கம் அரிவாள் கதிர்: பாறசாலையிலிருந்து ஒரு கணக்கு

களியக்காவிளைச் சித்தப்பா பழைய தோழர். 2024 மக்களவைத் தேர்தலில், ஏப்ரல் 19 அன்று கன்னியாகுமரியில் கூட்டணிக்காகக் காங்கிரசின் கைக்கு ஓட்டுப் போட்டார். மறுநாள் விரல் மையோடு எல்லை தாண்டி, கேரளப் பக்கம் நான் இருக்கும் பாறசாலைக்கு வந்து, “இங்க கையில அமுக்கிராத மக்கா, அரிவாள் கதிர்” என்றார். தமிழ்நாட்டில் காங்கிரசும் கம்யூனிஸ்ட்டும் ஒரே அணி, கேரளத்தில் எதிரெதிர் அணி. சோதனைச்சாவடி தாண்டினால் சின்னமும் மாறிவிடும். எங்களுக்கு வாக்குப்பதிவு 26-ஆம் தேதி.

எங்கள் தொகுதியான திருவனந்தபுரத்தில் நின்றவர்களில் இந்திய கம்யூனிஸ்ட்டின் பன்னியன் ரவீந்திரன்தான் மனசுக்கு நெருக்கம். கண்ணூர்க்காரர் என்றாலும் 2005 இடைத்தேர்தலில் இங்கே ஜெயித்தவர், நீளமுடியை வைத்தே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் இழுபறி மற்ற இருவருக்கும்தான்.

காங்கிரசின் சசி தரூர் ஐநாவில் பெரிய பதவியில் இருந்தவர், 2009 முதல் எம்.பி. பாஜகவின் ராஜீவ் சந்திரசேகர் பி.பி.எல். மொபைல் தொடங்கியவர், கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனவர், அப்போது ஒன்றிய இணையமைச்சர். இரண்டு பேருமே இங்கிலீஷ் மேடைக்காரர்கள், அதில் வித்தியாசம் தேடிப் பயனில்லை. தொழில்நுட்பம், முதலீடு என்ற பேச்சு டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்கா இருக்கும் கழக்கூட்டத்தில் எடுபடும். ரப்பர் விலையைக் கேட்கிற எங்கள் பக்கம் அது அவ்வளவாக ஏறாது. தரூருக்குப் பதினைந்து வருஷப் பழக்கம்தான் பலம். சலிப்பும் அதிலேதான்.

முடிவும் அப்படியே பிரிந்தது. தொகுதிக்குள் உள்ள ஏழு சட்டமன்றப் பகுதிகளில் கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, நேமம் மூன்றிலும் தாமரை முந்தியது. திருவனந்தபுரம், கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை நான்கும் கையைத் தூக்கிவிட்டன. தரூர் 3,58,155, ராஜீவ் 3,42,078. வித்தியாசம் 16,077.

2014-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். அன்று பாஜகவின் ஓ. ராஜகோபாலைத் தரூர் வென்றது 15,470 ஓட்டில். நடுவே 2019-ல் வித்தியாசம் ஒரு லட்சத்தை நெருங்கியது, சரி. ஆனால் 2014-லிருந்து 2024-க்குள் காங்கிரசுக்கு ஏறியது 60,349, பாஜகவுக்கு 59,742. கிட்டத்தட்ட ஒரே அளவு. இந்திய கம்யூனிஸ்ட்டோ 2,48,941-லிருந்து 2,47,648. ஆள் மாறியும் அதே இரண்டரை லட்சம், அதே மூன்றாம் இடம்! தரூரின் இடத்தைத் தீர்மானித்தது அசையாமல் நின்ற இந்த ஓட்டுதான் என்பது என் கணக்கு. அதில் சின்னப் பங்கு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் இழுபறியே இருந்திருக்காது.

முடிவு வந்த ஜூன் 4 சாயங்காலம், கன்னியாகுமரியில் காங்கிரசின் விஜய் வசந்த் 1,79,907 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததற்குச் சித்தப்பா களியக்காவிளையில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பாறசாலைக்கு எடுத்துவர மாட்டேன் என்றுவிட்டார். நான்தான் அங்கே போய் வாங்கித் தின்றேன்.