துணிகரக் கொள்ளையும் தமிழ்ப் பேரகராதியும்

மொழிபெயர்ப்பு வேலையில் நான் தினமும் திறந்துவைத்திருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் ஒரு பின்னிணைப்பு, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். இதன் அருமையும் குறையும் தெரிய, வீரத்தைக் குறிக்கும் சொற்களைப் பார்த்தாலே போதும்.

'துணிவு' என்று தேடுங்கள். தெளிவு, முடிவு என்றெல்லாம் வரும். வீரத்துக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம்? 'துணி-தல்' என்ற வினைக்குப் போனால் விளங்கிவிடும்: வெட்டுப்படுதல், தீர்மானித்தல் இரண்டும் அங்கே இருக்கின்றன. இப்படியா அப்படியா என்ற இழுபறியை வெட்டிவிட்டால் அது துணிவு. "எண்ணித் துணிக கருமம்" என்ற குறளில் இருப்பதும் இந்தத் துணிதல்தான். நாம் உடுத்தும் துணியும் இந்த வெட்டில் வந்ததே.

'மறம்' இன்னும் சுவாரசியம். வீரம், சினம், போர், கொலை, பாவம் என்று போய்க்கொண்டே இருக்கும். 'தறுகண்' என்றால் அஞ்சாமை, கொடுமை இரண்டும்தான். வீரனைப் புகழும்போதே நம் முன்னோர் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கிறார்கள் போல.

சரி, குறை? எந்தச் சொல் எங்கே உட்காரும் என்று இது சொல்லாது. மேற்கோள்கள் பெரும்பாலும் பழைய நூல்களிலிருந்து. பட்டப்பகலில் பூட்டை உடைத்தால் செய்தித்தாளில் அது 'துணிகரக் கொள்ளை'. 'வீரக் கொள்ளை' என்று யாரும் எழுதமாட்டார்கள். ஊசிக்குப் பயந்து அழும் குழந்தையிடம் 'தைரியமா இரு' என்போம், 'வீரமா இரு' என்றால் சிரிப்புதான் வரும். துக்க வீட்டுக்குப் போய் நாலு பேர் தைரியம் சொல்லிவிட்டு வருவார்கள். அதே சொல்லைக் குரல் உயர்த்தி 'என்ன தைரியம் உனக்கு!' என்றால், அடுத்து அடி விழலாம். இந்த நெளிவுசுளிவுக்கு க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதிதான் கைகொடுக்கும். இன்றைய வழக்கிலிருந்து வாக்கியங்களோடு பொருள் சொல்வது. பழஞ்சொற்களுக்கு அதை நம்பிப் போகக் கூடாது, அது அதன் வேலையும் இல்லை.

அப்புறம், பேரகராதியில் 'துணிந்தான்' என்று தேடாதீர்கள். வினையெல்லாம் 'துணி-தல்' போலத்தான் தலைச்சொல்லாக இருக்கும். 'பிங்.' என்று கண்டால் அது பிங்கல நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூல். இதுபோன்ற சுருக்கக் குறிகள் பழகும் வரை எரிச்சலூட்டும். அவசரத்துக்கு ஒரு பொருள் தேவை என்பவர்களுக்கு இது சரிப்படாது. எழுதுகிறவர்களும் பழம்பாட்டு படிக்கிறவர்களும் இன்றே புத்தகக்குறி போட்டுவைக்கலாம்.