மரபுத்தொடர் செயலி: விளக்கம் நன்று, பயிற்சி சொதப்பல்

அலுவலக மின்னஞ்சல்களில் ஆங்கில மரபுத்தொடர்களைத் தடுமாறாமல் எழுதத்தான் இந்தச் செயலியை இறக்கினேன். 'பென்னி வைஸ் அண்ட் பவுண்ட் ஃபூலிஷ்' பாடத்தை வைத்தே சொல்கிறேன். சில்லறையில் கணக்குப் பார்த்துப் பெருந்தொகையைக் கோட்டை விடுகிறவர்களைக் குத்தும் தொடர் இது. பிரிட்டன் நாணயத்தில் 1971 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்று சொல்லிக்கொடுத்தது அருமை. இடைவெளி எவ்வளவு பெரிது என்று உடனே உறைக்கிறது. 'இட் இஸ்' என்று தொடங்கி, தொடரைப் போட்டு, அப்புறம் 'டு' சேர்த்து வினையைச் சொல்லும் அமைப்பையும் நன்றாகப் பழக்குகிறார்கள். ஆயில் மாற்றும் செலவை மிச்சப்படுத்தி எஞ்சினையே இழப்பது என்ற உதாரணம் கச்சிதம்.

பயிற்சியில்தான் சொதப்பல். கோபத்தில் வேலையை விட்டவருக்கு இந்தத் தொடரைப் போட்டாலும் 'சரி' என்கிறது. அது அவசரபுத்தி, அதில் சிக்கனம் எங்கே இருக்கிறது? மேலதிகாரியின் முடிவைப் பற்றி இப்படி எழுதினால் சுருக்கென்று தைக்கும், அந்த எச்சரிக்கையும் இல்லை. உச்சரிப்புக் குரல் சுமார். இலவசப் பகுதியே போதும், சந்தா கட்ட மாட்டேன்.