பூந்திக்கொட்டையா, கடை பாலிஷா?

அன்றாடம் கழுத்தில் கிடக்கும் தாலிச் சங்கிலியையும் காதில் கிடக்கும் தோட்டையும் சுத்தம் செய்ய எங்கள் வீட்டில் இப்போது பூந்திக்கொட்டைதான். கடை பாலிஷும் பார்த்தாயிற்று, பாத்திரம் துலக்கும் திரவமும் பார்த்தாயிற்று. ஆகவே இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பளபளப்பை மட்டும் பார்த்தால் கடையை மிஞ்ச முடியாது. கொடுத்த சங்கிலி புதிதாக வாங்கியதுபோலத் திரும்பி வரும். கல் ஆடுகிறதா, கொக்கி தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துத் தருவார்கள். பூந்திக்கொட்டை அழுக்கை எடுக்கும், கீறலை எடுக்காது. இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது: எடை. நாளைக்கு நகையை மாற்றவோ விற்கவோ போனால் கடைக்காரர் பார்ப்பது தரமும் எடையும் மட்டுமே. செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே போன காசு. மீதியிருப்பது எடைதான். அதில் கை வைக்கும் எதையும் நான் யோசித்துத்தான் செய்வேன்.

கடையில் நடப்பது என்ன? சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகுப் பசையைத் தடவி நகையை அதில் பிடிக்கிறார்கள். கீறல் மறைகிறது. மறைவதற்குக் காரணம், சுற்றியுள்ள தங்கம் அந்தக் கீறலின் ஆழத்துக்குத் தேய்ந்து இறங்குவது. எவ்வளவு தேயும் என்பது நகையையும் பிடிக்கிற கையையும் பொறுத்தது. 100 மில்லிகிராம் போனது என்றே வைத்துக்கொள்வோம். கிராம் 10,000 ரூபாய் என்றாலும் 1,000 ரூபாய் போயிற்று. இதற்குப் பெயர் இலவச பாலிஷ்! தங்கப் பட்டறைக் குப்பையையும் மண்ணையும் காசு கொடுத்து வாங்கிச் சலிப்பவர்கள் சும்மாவா சலிக்கிறார்கள்? அடிக்கடி மெருகு போட்டால் சங்கிலியின் வெட்டு வேலைப்பாடு மழுங்கும், ஹால்மார்க் முத்திரையும் மங்கும்.

இதில் இன்னொரு சிக்கல். பாலிஷுக்குப் பிறகு எடை குறைந்திருந்தால், “அழுக்கு போனதும்மா” என்பார்கள். அது பொய் என்றும் சொல்லிவிட முடியாது. மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து தாலியின் பின்புறக் குழிவில் கெட்டியாகப் பிடித்திருக்கும் அழுக்குக்கும் எடை உண்டு. ஆகவே கடைக்குக் கொடுப்பதானாலும் முதலில் வீட்டில் சுத்தமாகக் கழுவி, நன்றாக உலர்த்தி, கடைத் தராசில் மில்லிகிராம் வரை எடை போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு குறைவது அழுக்கு அல்ல.

செய்முறை எளிது. நான்கைந்து பூந்திக்கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை இரவு முழுவதும் வெந்நீரில் ஊறவையுங்கள். காலையில் கையால் பிசைந்தால் நுரை பொங்கும். வடிகட்டிய நீரில் நகையைக் கால் மணி நேரம் போட்டு, மிக மென்மையான குழந்தைப் பல்துலக்கியால் பின்புறத்திலிருந்து தேயுங்கள். தோட்டில் அழுக்கு அடைவது கல்லுக்குப் பின்னால்தான். முன்பக்கம் தேய்த்துப் பயனில்லை. திருகாணியின் மரை மறந்துபோகிற இடம், அதையும் ஒரு சுற்று. எல்லாம் கிண்ணத்துக்குள் நடக்கட்டும், தொட்டியில் வேண்டாம். அந்த நீரையும் மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டுக் கொட்டினால், கழன்று விழுந்த கல் சாக்கடைக்குப் போகாது. கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும் என்பது ஒன்றே இதன் குறை.

பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு வெதுவெதுப்பான நீரில் விட்டால் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்; பூந்திக்கொட்டை கிடைக்காத ஊரில் தாராளமாக அதையே வைத்துக்கொள்ளலாம். குளியல் சோப்பு மட்டும் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரோடு சேர்ந்து அது வெள்ளைப் படலமாக நகையில் ஒட்டும். பூந்திக்கொட்டை நுரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

பற்பசை, பல்பொடி பக்கமே போகாதீர்கள். பல்லின் எனாமலைத் தேய்த்து வெளுக்கச் செய்ய வந்த பொடி அது. 22 காரட் தங்கமோ எனாமலைவிட மென்மையானது. வீட்டு வாசலில் வந்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்கள் கலந்த ராஜதிராவகம் தங்கத்தையே கரைக்கும். நகை மின்னும், பொன் அவருடைய பாத்திரத்தோடு போய்விடும்.

பூந்திக்கொட்டையும் எல்லா நகைக்கும் ஆகாது. அரக்கு வைத்துக் கட்டிய கெம்பு நகையை ஊறப்போட்டால் அடைப்புக்குள் நீர் இறங்கிக் கல் மங்கிவிடும்; ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். முத்து மாலைக்கும் அதுவே போதும், நனைந்தால் கோத்த நூல் தளரும். முத்தும் பவளமும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட் என்பதால் எலுமிச்சை, புளி எதுவும் படக்கூடாது. மரகதத்தின் நுண்விரிசலை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதை வெந்நீரில் போடாதீர்கள்.

ஒலி அலையால் சுத்தம் செய்யும் சிறு கருவிகளை இப்போது வீட்டுக்கே விற்கிறார்கள். நான் வாங்கவில்லை, கடையில் வேலை செய்வதைப் பார்த்ததோடு சரி. கல் இல்லாத சங்கிலிக்கு நன்றாகவே இருக்கிறது. மரகதம், முத்து, தளர்ந்த கல் உள்ள நகைகளை அதில் போடக்கூடாது. வெள்ளைத் தங்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் அதில் பூந்திக்கொட்டையைப் போட்டுப் பார்த்ததில்லை. அதன் மேல் பெரும்பாலும் ரோடியம் முலாம் இருக்கும், தேய்ந்தால் கடையில்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.

கல்யாணம் காட்சி என்று வந்தால் நாங்களும் கடைக்குக் கொடுப்போம். ஆனால் சங்கிலியின் கொக்கியையும் இணைப்பு வளையத்தையும் பார்க்கச் சொல்லித்தான். மெருகு போடட்டுமா என்று கேட்டால், நீராவியில் கழுவித் தந்தால் போதும் என்று சொல்லிவிடுகிறோம்.