டெல்லி நம்பர் டீசல் செடான் மலிவாக வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள்

கோவை, திருப்பூர் பக்கம் பழைய சொகுசுக் கார் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெல்லி நம்பர் ஜெர்மன் டீசல் செடான் பத்து லட்சத்துக்குள் இருக்கிறது என்று யாராவது போட்டோ அனுப்பினால், அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

அங்கே விலை குறைந்ததற்குக் காரணம் உண்டு. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவு போட்டது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதனால், 2025-இல் கோர்ட் அதைத் தளர்த்தும்வரை, ஒன்பது வயதானதுமே வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அதை வாங்கித் தெற்கே கொண்டுவந்து விற்பதே ஒரு தொழிலாகிவிட்டது. நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் அந்த ரகம் இல்லை.

நான் வாங்கியது 2015 மாடல், ஆட்டோமேட்டிக். கம்பெனி பெயர் வேண்டாம். குற்றம் செய்தது வண்டி இல்லை, விற்ற ஆள். விலை 8,75,000 ரூபாய். மீட்டரில் 61,000 கிலோமீட்டர். "டாக்டர் ஓட்டின வண்டிங்க, சிங்கிள் ஓனர். அங்க கடல் காத்து இல்லீங்களே, அடியில பொட்டுத் துரு பாக்க முடியாது" என்றார் பழைய கார் விற்கும் யார்டுக்காரர். துரு விஷயம் மட்டும் உண்மை.

சேலம் ரோட்டில் ஓட்டிய முதல் சில வாரங்கள் சொர்க்கம் என்றே சொல்ல வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் போதும், லாரிகளெல்லாம் பின்னால் போய்விடும். அப்புறம் இன்ஜின் சூடேறியதும் கியர் மாறும்போது ஒரு உதறல் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. யார்டில் நான் பார்க்கப் போனபோதெல்லாம் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். ஸ்கேனரை மாட்டிவிட்டு, "சார், இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். டாஷ்போர்டில் 65,000 சொச்சம். கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரில் 1,58,000. ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை. வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும் கியர் பாக்ஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், சிலவற்றில் சாவியில்கூடப் பதிவாகும். மீட்டரைத் திருப்பிய ஆள் சோம்பேறி, ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சோம்பேறித்தனம்தான் இன்று எனக்கு ஆதாரம். டெல்லியில் இருக்கும் நண்பர் மூலம் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டதில், 2022-லேயே 1,40,000-ஐத் தாண்டி சர்வீஸுக்கு வந்த பதிவும் கிடைத்தது. இன்ஜெக்டர், டர்போ, கியர் பாக்ஸ் வேலை எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் நாலு லட்சத்துக்கு மேல்.

இதைவிடப் பெரிய அடி ஆர்டிஓ ஆபீஸில் காத்திருந்தது. "டிஎன் நம்பர் மாத்தறது எங்க பொறுப்புங்க" என்று சொன்ன யார்டுக்காரர், வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளிமாநில வண்டியை இங்கே பதிவு செய்ய ஆயுள் வரி கட்ட வேண்டும். அதை நாம் கொடுத்த விலையில் கணக்குப் போட மாட்டார்கள். வண்டி புதிதாக விற்ற விலையில் போடுவார்கள். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது வண்டிக்கு இங்கே 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், ஆனாலும் நாற்பது லட்சத்துக்கு விற்ற வண்டிக்குத் தொகை லட்சங்களில்தான் வரும். யார்டில் கேட்டால், "அது ஓனர் செலவுதானுங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்கிறார். பில்லைப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று ஒரு வரி.

வாங்கப் போகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். உங்கள் மெக்கானிக்கின் ஸ்கேனரை மாட்ட விடாதவரிடம் பேச்சே வேண்டாம். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், பின் இரண்டும் வருடம். 60,000 ஓடிய வண்டியில் மூன்றாவது செட் டயர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். என்ஓசி, அதாவது பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, கையில் இருக்கிறதா, பாங்க் கடன் ஆர்சியில் நீக்கப்பட்டிருக்கிறதா, அபராத சலான் பாக்கி உண்டா என்று பார்த்துவிட்டு, வரி எவ்வளவு என்பதை ஆர்டிஓவில் நீங்களே கேளுங்கள். பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. எனக்கு விற்ற ஆளிடம் அது இல்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 முதல் 10 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆன்லைனிலும் போடலாம். "மீட்டர் ஜெனியூன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்தான் அங்கே பலம். யார்டுக்காரர் தரப்பு இதுவரை வாய்தா வாங்கிக்கொண்டே போகிறது. இதே சிக்கலில் இருப்பவர்கள் ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன்னால் சேஸிஸ் நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து, மெக்கானிக்கின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டால் அந்த எண் போய்விடும்.