தடுப்பூசி: கட்டாயமா, புரியவைப்பதா?

கொரோனா தடுப்பூசியைக் கட்டாயமாக்குவதன் பலம் வேகம்தான். 2021 ஜூலை 12 அன்று, உணவகத்துக்கும் தொலைதூர ரயிலுக்கும், ஊசி போட்டதையோ தொற்று இல்லை என்பதையோ காட்டும் சுகாதாரச் சான்று தேவைப்படும் என்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் அறிவித்தார். ஒரே நாளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசிக்கு முன்பதிவு செய்தார்கள். சரி, ஆனால் சனிக்கிழமைதோறும் எதிர்ப்பு ஊர்வலங்களும் கிளம்பின. ஆஸ்திரியா இன்னும் ஒருபடி மேலே போய், 2022 பிப்ரவரியில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஊசி கட்டாயம் என்று சட்டமே போட்டது. ஒருவரிடமும் அபராதம் வாங்காமல் மார்ச்சிலேயே நிறுத்திவைத்தது. அப்புறம் அதே ஆண்டில் கைவிட்டது.

போர்ச்சுகலில் அப்படிப் பொதுக் கட்டாயம் இல்லை. கடற்படை அதிகாரி கொவெய்யா இ மெலோ ஊசி போடும் பணியை முன்நின்று நடத்தினார். 2021 அக்டோபரில் சுமார் 85 சதவீதம் பேர் முழுமையாகப் போட்டிருந்தார்கள். ஆனால் இதற்கு மக்களிடம் முன்பே நம்பிக்கை இருக்க வேண்டும். நோய் வந்த பிறகு அதை அவசரமாக உண்டாக்க முடியாது.

என் அத்தை மாதக்கணக்கில் மறுத்தார். “பிரஷர் மாத்திரை சாப்பிடுறேனே, ஒத்துக்குமா?” என்பதுதான் அவர் பயம். ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். அன்றே அத்தை கையை நீட்டினார்.

பலவீனமான நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவமனை ஊழியர்களுக்குக் கட்டாயம் நியாயம் என்றே நினைக்கிறேன். ஒமிக்ரான் என்ற கொரோனா வகை வந்த பிறகு ஊசி பரவலைத் தடுப்பது குறைந்து, கடும் நோயிலிருந்து காப்பதே முக்கியப் பலனாக நின்றது. அதனால் மற்றவர்களுக்கு அந்த நியாயம் பொருந்தவில்லை.